எட்டு சென்ட் போக மிச்சம் எங்கிருந்து வந்தது?

ஒரு நாடு தொழில்வளம் பெற்றது எதனால் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் விடை 'எந்திரங்களால்' என்பதுதான். பள்ளியில் நாம் படித்த கதையும் அதுவே. நீராவி எந்திரம் வந்தது, நூற்பு எந்திரம் வந்தது, பிறகு மின்சாரம் வந்தது, கையால் செய்த வேலை எந்திரத்துக்குப் போயிற்று, உற்பத்தி பெருகிற்று. இந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இதில் பாதிக் கதைகூட இல்லை என்பது தெரியவரும்.

அப்படிக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர். 1957 ஆகஸ்டில் ஓர் ஆய்விதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்பதே பக்கம் கொண்டது. 'தொழில்நுட்ப மாற்றமும் ஒட்டுமொத்த உற்பத்திச் சார்பும்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பொருளாதார வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்காக அவர் 1987இல் நோபல் நினைவுப் பரிசு பெற்றார். 2023 டிசம்பரில் தமது 99ஆம் வயதில் மறைந்தார்.

இந்தக் கட்டுரையை நாம் இன்று எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 'கைத்தொழிலில் உற்பத்தித் திறன் குறைவு. எந்திரத்தைக் கொண்டுவந்தால் உயரும். இல்லையேல் அந்தத் தொழில் அழியும்' என்று மேடையிலும் ஏட்டிலும் அடிக்கடி சொல்கிறார்கள். காவிரிக் கரையில் சுவாமிமலையில் படிமம் வார்க்கும் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவன் இதைக் கேட்டால், தன் தந்தையின் தொழிலைப் பற்றி என்ன நினைப்பான்? கற்பதா, விடுவதா என்ற அவனுடைய முடிவு இந்த ஒரு வாக்கியத்தைச் சார்ந்திருக்கலாம். ஆகவே இந்த வாக்கியத்துக்கு அடியில் இருக்கும் கணக்கைச் சற்று உரசிப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒருவர் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு பொருள் விளைகிறதோ, அதுவே உழைப்பின் உற்பத்தித் திறன். ஒரு தையற்காரர் எட்டு மணி நேரத்தில் நான்கு சட்டை தைத்தால், மணிக்கு அரைச் சட்டை. எட்டுச் சட்டை தைக்கத் தொடங்கினால், அவருடைய உற்பத்தித் திறன் இரு மடங்காகிவிட்டது.

அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரையிலான நாற்பது ஆண்டுக் கணக்கைச் சோலோ எடுத்துக் கொண்டார். விவசாயமும் அரசுத் துறையும் நீங்கலாக, மற்றத் தனியார் தொழில்கள் மட்டும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தபோது, 1909இல் ஒரு மணி நேர உழைப்பு விளைவித்தது ஏறக்குறைய 62 சென்ட். 1949இல் 127 சென்ட். கூடியது 65 சென்ட்.

இந்த 65 சென்ட்டில், தொழிலாளியின் கையில் முன்னைவிட அதிக எந்திரமும் கருவியும் கட்டடமும் இருந்ததால் வந்தது எவ்வளவு? இதைக் காண அவர் ஓர் எளிய வழியைக் கையாண்டார். நாட்டின் வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆகவே மூலதனம் 30 சதவீதம் கூடினால், விளைவு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 சதவீதம்தான் கூட வேண்டும். இந்த முறையில் ஆண்டுக்கு ஆண்டு கணக்கிட்டபோது, எந்திரமும் பிற மூலதனமும் கூடியதால் வந்தது 8 சென்ட் மட்டும் என்று தெரிந்தது. எட்டில் ஒரு பங்கு! எஞ்சிய 57 சென்ட்டுக்கும் அவர் 'தொழில்நுட்ப மாற்றம்' என்று பெயரிட்டார்.

நிறை

கட்டுரையின் பெருமை இதுதான். எந்திரத்தைக் குவித்தால் வளம் தானே வரும் என்ற நம்பிக்கையை அது எண்ணைக் கொண்டே அசைத்துவிட்டது. அது வெளிவந்த காலத்தில்தான் நம் நாட்டில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்து கொண்டிருந்தது; பெருந்தொழில்களில் முதலீட்டைக் குவிப்பதே அதன் அடிப்படை. முதலீடு தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது என்பதை ஒன்பது பக்கங்களில், மாணவனும் பின்பற்றக்கூடிய கணிதத்தில் நிறுவியது சிறிய செயலன்று.

ஆயினும் இந்தக் கட்டுரையில் குறைகள் உண்டு. நான் காணும் நான்கைச் சொல்கிறேன்.

முதற்குறை: மிச்சத்துக்கு வைத்த பெயர்

57 சென்ட்டைச் சோலோ அளந்து கண்டுபிடிக்கவில்லை. தெரிந்ததைக் கழித்த பிறகு எஞ்சியது அது. உங்கள் வீட்டு மாதக் கணக்கில் 65 ரூபாய்ச் செலவில் 8 ரூபாய்க்கு மட்டும் விவரம் எழுதி, 57 ரூபாயை 'இதர வகை' என்று போட்டால் வீட்டில் ஒப்புக் கொள்வார்களா? அந்த 'இதர வகை'க்குத் தொழில்நுட்பம் என்ற கம்பீரமான பெயர் கிடைத்ததும், அது ஏதோ விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புகளால் வந்தது என்று பலரும் எண்ணிக் கொண்டார்கள். சோலோவைக் குற்றம் சொல்ல முடியாது; எல்லா வகை மாற்றங்களையும், தொழிலாளரின் கல்வி உயர்வையும்கூட, அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கியிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் எச்சரிக்கை மறந்துபோய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவருக்கு ஓராண்டு முன்பே, 1956இல், மோசஸ் அப்ரமோவிட்ஸ் என்பவர் இதுபோன்ற மிச்சத்தை நம் அறியாமையின் அளவு என்று கருத வேண்டும் எனக் கூறியிருந்தார். அதுவே நேர்மையான பெயர்.

அந்த 57 சென்ட்டுக்குள் என்ன இருந்தது? இதற்கு விடை சொல்ல வேண்டியது வரலாறு.

மின்சார மோட்டாரை எடுத்துக் கொள்வோம். 1900இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எந்திரங்களை இயக்கிய சக்தியில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. முதலில் மோட்டார் வாங்கியவர்கள் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரையின் கீழ் ஒரு நீண்ட தண்டு; அதிலிருந்து தோல் பட்டைகள்; ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எந்திரம். நம் பக்கத்தில் பழைய நெல் அரைவை மில்லைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு விளங்கும். தண்டுக்கு அருகில் எந்திரம் நிற்க வேண்டும் என்பதால், வேலையின் வரிசைக்கு ஏற்ப எதையும் நகர்த்த முடியாது. தண்டு நின்றால் பல எந்திரங்கள் நிற்கும். மோட்டார் வந்தும் பெரிய பயன் தெரியவில்லை. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனிச் சிறு மோட்டார் பொருத்தி, தண்டையும் பட்டையையும் கழற்றிவிட்டு, வேலை நகரும் வரிசைப்படி ஆலையையே மாற்றி அமைத்த பிறகுதான், 1920களில், உற்பத்தித் திறன் பாய்ந்து உயர்ந்தது. பால் டேவிட் என்ற வரலாற்றறிஞர் 1990இல் இதை விரிவாக எடுத்துக் காட்டினார்.

ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையும் அப்படியே. 1913இல் நகரும் வரிசை முறையைச் சோதித்துச் சீராக்கியபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைக் கோக்க ஆன நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து சில மாதங்களில் 93 நிமிடமாகக் குறைந்தது. அங்கே பெரிதாக மாறியது வேலையின் ஒழுங்கு. பள்ளிக்கூடத்தையும் மறந்துவிடக் கூடாது. 1910இல் அமெரிக்க இளைஞரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். 1940இல் இருவரில் ஒருவர் முடித்தார். வரைபடம் படிக்கவும் அளவுக் கருவியைக் கையாளவும் தெரிந்த தொழிலாளர் கூட்டம் இப்படித்தான் உருவாயிற்று.

ஆலையின் அமைப்பு, வேலையின் ஒழுங்கு, பள்ளிக்கூடம் ஆகிய மூன்றும் அந்த 57 சென்ட்டுக்குள் பெயரின்றிக் கிடக்கின்றன.

இரண்டாங்குறை: ஒன்று போல் ஆயிரம்

இனிச் சுவாமிமலைக்கு வருவோம். கும்பகோணத்துக்கு மேற்கே ஏறக்குறைய எட்டு கிலோமீட்டரில் உள்ள இவ்வூர் முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. படிமம் வார்க்கும் ஸ்தபதிகளின் ஊர் என்ற பெயரும் அதற்கு உண்டு. சுவாமிமலை வெண்கலப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டிருக்கிறது.

முறை பழமையானது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகில் ஸ்தபதி முழு உருவத்தையும் கையால் உருவாக்குகிறார். அளவுக்குக் கோல் இல்லை. படிமத்தின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையைத் தாளக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளையே அளவாகக் கொள்கிறார். மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை முதற்பூச்சாகப் பூசுகிறார். மெழுகில் உள்ள மயிரிழைக் கோட்டையும் பதிய வைத்துக்கொள்ளும் மண் அது. அதன் மேல் மணல் கலந்த மண். காய்ந்த பின் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். ஆறிய பின் மண் அச்சை உடைத்துப் படிமத்தை எடுத்து, அரத்தாலும் உளியாலும் பல நாள் வேலை செய்து முடிக்கிறார்.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மெழுகு உருவத்தை நிறுத்து, அதன் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் எடுத்துக் கொள்வார்கள். வெண்கலத்தின் அடர்த்தி மெழுகின் அடர்த்தியைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்பதை நினைத்துப் பாருங்கள். இயற்பியல் புத்தகம் வருமுன்பே பட்டறைக்குத் தெரிந்த உண்மை இது.

இதே முறை இன்று உலகின் மிக நுட்பமான தொழிற்சாலைகளிலும் இருக்கிறது! 1907இல் வில்லியம் டாகார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தங்கப் பல் அடைப்பு வார்க்க மெழுகு வார்ப்பு முறையை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமான எந்திரங்களில் கடும் சூட்டைத் தாங்கிச் சுழலும் டர்பைன் இறகுகளை வார்க்க அது பயன்பட்டது. இன்று ஜெட் எந்திரத்தின் இறகுகள், ஒரே படிகமாக உறையும் உயர்ந்த வகை உட்பட, மெழுகில் பிறந்து ஓட்டு அச்சில் வார்க்கப்படுகின்றன. ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய ஒற்றைப் படிக இறகுகள் 60, ஹெலிகாப்டர் எந்திரத்துக்காக 2021இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன.

மெழுகு, அச்சு, உருக்கு, உடைப்பு: இரண்டு இடத்திலும் முறை ஒன்றே. அப்படியானால் ஆலையில் மட்டும் உற்பத்தித் திறன் உயர்ந்தது எதனால்? ஆலையில் மெழுகு உருவத்தைக் கையால் செய்வதில்லை. எஃகில் ஓர் அச்சைக் குடைந்து, அதில் மெழுகைப் பீய்ச்சி, சில நிமிடங்களில் ஓர் உருவம் எடுக்கிறார்கள். பல உருவங்களை ஒரு மரத்தின் கிளைகளைப் போல் ஒட்டி ஒரே தடவையில் வார்க்கிறார்கள். எஃகு அச்சுக்கு ஆகும் பெருஞ்செலவு ஆயிரக்கணக்கான உருவங்களின் மேல் பரவிப் போகிறது.

ஆகவே ஆலையின் உற்பத்தித் திறனுக்கு மூலம், ஒன்று போல் ஆயிரம் வேண்டும் என்ற தேவை. அந்தத் தேவை இல்லையென்றால் எஃகு அச்சு வீண் செலவு. சோலோவின் கணக்கில் இந்த உண்மைக்கு இடமே இல்லை. உழைப்பையும் மூலதனத்தையும் இரு மடங்காக்கினால் விளைவும் சரியாக இரு மடங்காகும், அதற்கு மேல் ஆகாது என்று வைத்துக்கொண்டுதான் அவர் தொடங்குகிறார். பெருவாரியாகச் செய்வதால் வரும் ஆதாயம் உண்மையில் எவ்வளவு இருந்தாலும், அது தானே மிச்சத்தில் போய் விழுந்துவிடும். ஆகவே, தேவை பெருகியதால் வந்ததையும் நாம் விஞ்ஞானத்தின் கணக்கில் வரவு வைத்து ஏமாறுகிறோம்.

மூன்றாங்குறை: எதை எண்ணுவது?

மணிக்கு எத்தனை என்று கேட்கும்போது, எண்ணப்படும் பொருள் மாறாமல் இருக்க வேண்டும். நூலில் இது எளிது. நூறு பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைநூற்பாளருக்கு 50,000 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்றும், 1825 வாக்கில் இங்கிலாந்தின் தானியங்கி நூற்பு எந்திரத்தில் 135 மணி நேரமே ஆயிற்று என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் நூல்தான், ஒப்பிடலாம்.

படிமத்தை எப்படி எண்ணுவது? எண்ணிக்கையில் அளந்தால் சிறு பொம்மை செய்பவரே திறமைசாலி. எடையில் அளந்தால் தடித்த படிமம் செய்பவர் திறமைசாலி. நடராசரின் தூக்கிய திருவடியின் வளைவுக்கும் முகத்தின் அமைதிக்கும் செலவான மணிகள், இந்தக் கணக்கில் 'குறைந்த உற்பத்தித் திறன்' என்றே பதிவாகும். வாங்குபவர் விலை கொடுப்பதோ அந்த மணிகளுக்குத்தான்!

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இருவர் 1966இல் நாடகம், இசை ஆகிய கலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்து இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசையை இருவரைக் கொண்டு பாதி நேரத்தில் வாசிக்க முடியாது. ஆனால் மற்றத் தொழில்களில் உற்பத்தித் திறன் உயர்ந்து கூலி உயரும்போது, இசைக் கலைஞருக்கும் ஊதியத்தை உயர்த்தியாக வேண்டும். இல்லையேல் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே கச்சேரியின் செலவு ஏறிக்கொண்டே போகும். கலைஞரின் திறமைக் குறைவால் ஏறுவதன்று. மற்றவர்களின் வேகத்தால் ஏறுவது. ஸ்தபதியின் பட்டறைக்கும் இது அப்படியே பொருந்தும். ஓசூரிலோ சென்னையிலோ ஆலை வேலைக்குக் கூலி உயர உயர, சுவாமிமலைப் படிமத்தின் விலையும் உயர்ந்தாக வேண்டும். வாங்குவோர் அந்த விலையைத் தராவிட்டால் இளைஞன் பட்டறையை விட்டுப் போவான். 'பின்தங்கிய தொழில்' என்ற முத்திரை அவன் போவதற்குக் காரணம் சொல்வதில்லை. போகிறவன் மேல் பழியைத்தான் போடுகிறது.

நான்காங்குறை: மிச்சம் யாருக்கு?

ஒவ்வொருவருக்கும் அவரவர் விளைவித்த அளவுக்கே பங்கு கிடைக்கிறது என்று சோலோவின் கணக்கு கொள்கிறது. மூலதனத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதை அவர் எடுத்துக்கொண்டதே அந்த நம்பிக்கையில்தான். உற்பத்தித் திறன் உயர்ந்தால் கூலியும் தானே உயரும் என்பது இதிலிருந்து பிறக்கும் முடிவு.

சுவாமிமலையைச் சுற்றியுள்ள வயல்கள் இதற்கு வேறு பாடம் சொல்கின்றன. விவசாயத்தை விட்டுவிட்ட சோலோவின் கணக்கில் இவை இடம் பெற மாட்டா. ஆனால் பங்கீடு பற்றிய கேள்வி ஆலைக்கும் வயலுக்கும் பொதுவானது. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் 1960களின் நடுவில் வயல்களுக்கு வந்தது. உரமும் வந்தது, விளைச்சல் உயர்ந்தது. கூலி தானே உயர்ந்ததா? கூலி உயர்வு கேட்டு எழுந்த பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகே, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. விளைச்சலைக் கூட்டிய விதையும் உரமும் அதைப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. அதற்குச் சங்கமும் சட்டமும் தேவைப்பட்டன.

அந்த மாணவனுக்கு என்ன சொல்வது?

இவ்வளவு குறை சொன்னதால் கட்டுரையைத் தள்ளிவிட வேண்டும் என்பது பொருளன்று. பொருளியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, தொழில் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு சென்ட் என்ற எண்ணை நம்பலாம். 57 சென்ட்டுக்கு எழுதிய பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம்.

சுவாமிமலை மாணவனுக்கும் இதிலிருந்து சொல்ல முடியும். அவன் தந்தையின் தொழிலில் உயர்த்தக்கூடிய உற்பத்தித் திறன் நிறைய இருக்கிறது. ஈரம் போகாத மண் அச்சில் உலோகத்தை ஊற்றினால் ஆவி கிளம்பிக் குமிழி விழும். உலோகம் போதிய சூடில்லாமல் போனால் விரல் நுனி வரை ஓடாது. மெழுகு ஏற்கெனவே உருகிப் போய்விட்டதால், ஒரு வார்ப்பு கெட்டால் பல வார உழைப்பும் அதோடு போயிற்று. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த நட்டத்தைக் குறைக்க வெப்பமானியும் உலோகவியல் பாடமும் குறிப்பேடும் உதவும். எந்த வார்ப்பு ஏன் கெட்டது என்று எழுதி வைக்கும் பழக்கம் ஒன்றே பெரிய லாபம் தரும். அரம் தேய்க்கும் வேலையில் மின்கருவி மணிகளைக் குறைக்கலாம். ஆனால் மெழுகில் முகம் எழுதும் மணிகளைக் குறைத்துவிட்டு, அதையும் முன்னேற்றம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. அவை செலவுக் கணக்கில் வருபவை அல்ல. விற்கப்படும் பொருளே அவைதான்.

மாணவ நண்பர்களே, இனி எங்கேனும் 'உற்பத்தித் திறன் உயர்ந்தது' என்றோ 'குறைவு' என்றோ படித்தால், அந்த எண்ணைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: எதை எண்ணினார்கள்? எது மாறியதால் அது கூடியது? கூடியது யார் கைக்குப் போயிற்று? விடை இல்லாத எண்ணைக் கொண்டு எந்தத் தொழிலையும் பின்தங்கியது என்று தீர்ப்பளிக்க யாருக்கும் உரிமை இல்லை.